பெரிய நிறுவனங்களின் பணியிடங்களும் ஹட்டனின் மாடி அறையும்

மேசைக்கு மாதக் கட்டணம் கட்டிப் பலரும் ஒரே இடத்தில் வேலை செய்யும் பகிர்வு அலுவலகங்களை நடத்துகின்ற, கொழும்பைத் தளமாகக் கொண்ட ஒரு பெரிய நிறுவனம் கண்டியில் கிளை திறந்திருப்பதால், ஹட்டனில் இருக்கும் ஒரு சிறிய இடம் எப்படிப் பாதிக்கப்படும் என்று அண்மையில் பலர் என்னிடம் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய்ச் சேர பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகும்; மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்துவிட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே எவ்வளவு வசதியான மேசை போட்டிருந்தாலும், டிக்கோயாவிலோ கொட்டகலையிலோ இருக்கும் ஒருவர் தினமும் அங்கே போய்வந்து வேலை செய்யப் போவதில்லை. ஆனாலும் ஹட்டன் கடைத்தெருவின் மேல்மாடியில் நாங்கள் வேலை செய்யும் இடத்தில் நான்கு நாற்காலிகள் காலியாகிவிட்டன. அந்த நால்வரில் எவரும் கண்டிக் கிளைக்குத் தினமும் போகவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நால்வரும் கொழும்பிலுள்ள ஒரே கம்பனிக்கு இங்கிருந்தபடியே கணக்கு வேலை செய்கிறவர்கள். மாதக் கட்டணத்துக்கான பற்றுச்சீட்டை அனுப்பினால் கம்பனி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவந்தது. பின்னர் அந்தக் கம்பனி, பெரிய நிறுவனத்துடன் மொத்தமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊழியர் எவரும் அந்த நிறுவனத்தின் எந்தக் கிளையிலும் அமர்ந்து வேலை செய்யலாம், அதற்குக் கம்பனி மாதந்தோறும் ஒரு தொகை கட்டும் என்பது ஏற்பாடு. ஒப்பந்தம் கைச்சாத்தானதும் தனித்தனிப் பற்றுச்சீட்டுகளுக்குப் பணம் கொடுப்பது நின்றது. ஹட்டனில் இருப்பவர்களுக்கு, உங்களுக்கு மிக அருகிலுள்ள கிளை கண்டி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது அவர்களில் மூவர் வீட்டில் இருந்து, கைத்தொலைபேசி டேட்டாவை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். லயத்து வீட்டில் ஒரே காம்பிராவுக்குள் தாத்தாவும் படிக்கிற தம்பியும் இருக்கும்போது, அதே இடத்தில் ஒருவர் எட்டு மணித்தியாலம் கணக்குப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். நான்காமவர் கம்பளையில் அறை எடுத்துத் தங்கி, வாரத்தில் ஓரிரு நாள் கண்டிக்குப் போய்வருகிறார்.

பெரிய நிறுவனம் சிறிய இடத்தின் வாடிக்கையாளரைக் கவர்ந்து தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்றுதான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். மலையகத்தில் நான் காண்பது வேறு. அந்த நிறுவனம் எங்கள் ஊர் மனிதருக்கு ஒரு நாற்காலிகூடக் கொடுக்காமலே, அவர் பெயரில் கம்பனி ஒதுக்கிய பணத்தைப் பெற்றுக்கொள்கிறது. மேசையில் அமர்பவர் ஒருவர், அதற்குப் பணம் கட்டுபவர் இன்னொருவர் என்று ஆகிவிட்ட பின்னர், நல்ல இடம் எது என்ற கேள்வி பின்னுக்குப் போய், பணம் கட்டுபவருக்கு வேலை குறைந்த இடம் எது என்பதே தீர்மானமாகிறது. கொழும்பில் இருக்கும் ஒரு கணக்குப் பிரிவுக்கு மாத முடிவில் ஓர் இன்வொய்ஸைப் பார்த்து ஒப்பமிடுவது, இருபது ஊர்களிலிருந்து வரும் இருபது பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதைவிட எளிது. நானும் கணக்குத்துறையில் இருப்பவள் என்பதால் அந்தச் சோர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சௌகரியத்தின் விலையை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருப்பவர்கள் கட்டுகிறார்கள் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

நான்கு நாற்காலிகள்தானே என்று நினைக்கக்கூடும். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இருபது நாற்காலிகள் உள்ள ஓர் இடத்துக்கு வாடகை, மின்சாரம், இணையம், மின்பிறப்பாக்கிக்கான டீசல், ஒருவருக்குச் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் 180,000 ரூபா செலவாகிறது என்றும், ஓர் ஆளுக்கு மாதக் கட்டணம் 12,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். பதினைந்து பேர் இருந்தால்தான் செலவு மட்டும் ஈடாகும். பதினேழு பேர் இருக்கும்போது கையில் 24,000 ரூபா மிஞ்சும். நால்வர் விலகினால் அது 24,000 ரூபா நட்டமாக மாறும்; ஏனென்றால் நால்வர் போனதற்காக வாடகையோ இணையக் கட்டணமோ குறையப் போவதில்லை. பல கிளைகளில் ஆயிரக்கணக்கான நாற்காலிகளை வைத்திருப்பவருக்கு நான்கு என்பது ஒரு நாளில் வந்து போகும் ஏற்ற இறக்கம். எங்கள் இடத்தை நடத்தும் அண்ணன் சொன்னது இது: “தங்கச்சி, நாலு பேரு போனா எப்படியாவது சமாளிச்சிக்கலாம். ஆனா அந்த நாலு பேருதான் ஒண்ணாந்திகதியே காசு கட்டுறவங்க.” மற்றவர்கள் நாட்கட்டணத்துக்கு வருபவர்கள், பரீட்சைக் காலத்தில் கூடுவார்கள், பண்டிகைக் காலத்தில் குறைவார்கள். மாதம் தவறாமல் கட்டும் சிலரை நம்பித்தான், அவ்வப்போது வருபவர்களுக்கும் கதவைத் திறந்து வைக்க முடிகிறது.

கட்டணத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்பவர்கள் இந்த மண்ணின் வருமானத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் 12,000 ரூபா என்பது ஒரு தாயின் ஏறத்தாழ ஒன்பது நாள் கொழுந்து பறிப்பு. மகளோ மகனோ இணையத்தில் சம்பாதிக்கத் தொடங்கும் வரை அந்தக் கட்டணத்தைக் கட்டுபவர் அந்தத் தாய்தான்.

பகிர்வு அலுவலகம் என்ற எண்ணம் சிறியவர்களிடம் பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற கணினி நிரலாளர், ஸ்பைரல் மியூஸ் என்ற வீட்டின் இடத்தை வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மட்டும், மாதம் 300 டொலருக்கு எடுத்துத் தன்னைப் போலத் தனியாக வேலை செய்பவர்களை அழைத்தார். முதல் மாதம் எவருமே வரவில்லை என்று அவரே பின்னர் எழுதினார். அதற்கு முன்பே, 1989இல் மார்க் டிக்சன் பிரசல்ஸில் தொடங்கிய ரீஜஸ், தளபாடமிட்ட அலுவலக அறைகளைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் தொழிலை நடத்திவந்தது. ஆனால் அது அறைகளை விற்கும் தொழில், ஒருவருக்கொருவர் துணையாக இருந்து வேலை செய்யும் பழக்கம் அல்ல. 2010இல் நியூயோர்க்கில் தொடங்கிய வீவேர்க் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, முதலீட்டாளரின் பணத்தைக் கொண்டு உலகெங்கும் பரவியது.

வீவேர்க்கின் கதையை நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு தலைவரின் ஆடம்பரக் கதையாகவே அறிந்திருக்கிறார்கள். சிறிய இடங்களை நடத்துபவர்கள் அதைக் கணக்குக் கதையாகப் படிக்க வேண்டும். 2018இல் அந்தக் கம்பனியின் வருமானம் ஏறத்தாழ 1.8 பில்லியன் டொலர். நட்டமோ வருமானத்தையும் மிஞ்சி ஏறத்தாழ 1.9 பில்லியன் டொலர். அதாவது ஒரு டொலரைச் சம்பாதிக்க இரண்டு டொலருக்கும் மேல் செலவழித்தார்கள். அப்படியிருந்தும் 2019 ஜனவரியில் அதன் மதிப்பு 47 பில்லியன் டொலர் என்று கணிக்கப்பட்டது. அந்த நட்டத்தின் ஒரு பகுதிதான் வாடிக்கையாளருக்கு விலைக்கழிவாகவும், மாதக்கணக்கான இலவச வாடகையாகவும், வாடிக்கையாளரை அழைத்துவரும் தரகருக்குக் கூடுதல் தரகுப் பணமாகவும் போய்ச் சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் சொந்தச் சேமிப்பைப் போட்டு இருபது மேசைகளை வைத்திருந்தவர், அந்த விலையோடு போட்டியிட வேண்டியிருந்தது. அவருடைய போட்டியாளர் திறமையால் மலிவாகக் கொடுக்கவில்லை; பிறருடைய பணத்தை எரித்து மலிவாகக் கொடுத்தார். இதை நான் அநியாயமான போட்டி என்றே கருதுகிறேன்.

பின்னர் நடந்ததும் தெரிந்ததே. 2019 செப்டெம்பரில் பங்குச் சந்தைக்கு வரும் முயற்சி கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குப் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட குத்தகைகளைக் கைவிட்டும் மாற்றியெழுதியும் 2024 ஜூனில் மீண்டு வந்தது. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, விழுந்த பின்பும் எழுந்து நிற்க அமெரிக்காவின் வங்குரோத்துச் சட்டம் அதற்கு வழி கொடுத்தது என்பதைத்தான். ரீஜஸ் வேறொரு வழியைக் கையாண்டது. அதன் கிளைகள் பலவும் தனித்தனிக் கம்பனிகளாகப் பதியப்பட்டிருந்ததால், 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் அப்படியான கிளைக் கம்பனிகள் பல வங்குரோத்துப் பாதுகாப்புக்குள் போனபோது, தாய்க் கம்பனியின் உடல் பெரிதாகக் காயப்படவில்லை. ஹட்டனில் மாடி எடுத்து நடத்துபவர் தன் பெயரில் ஒப்பமிடுகிறார். முற்பணத்துக்காக மனைவியின் நகை அடகுக் கடையில் இருக்கிறது. அவர் விழுந்தால் அவருடைய குடும்பமும் சேர்ந்தே விழும். மறுபடி எழுந்து அதே தொழிலுக்கு வருபவர்கள் அரிது.

குத்தகையின் காலமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. மலையகத்தார் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 1992இல் அரசின் தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, முதல் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே இருந்தது. ஐந்து ஆண்டில் போகப் போகிறவர், நட்டுப் பல ஆண்டுகள் கழித்தே முழுப் பலன் தரும் தேயிலை மீள்நடுகைக்கு ஏன் பணம் போடுவார் என்ற குறை எழுந்து, பின்னர் குத்தகை 53 ஆண்டுகளாக மாற்றப்பட்டது. நீண்ட குத்தகையால் தொழிலாளருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு விவாதம். ஆனால் காலம் குறுகியவர் எதையும் ஊன்ற மாட்டார் என்பது உண்மை. எங்கள் நகரங்களில் கடைக் கட்டடத்தின் மேல்மாடியை ஓரிரு வருட ஒப்பந்தத்தில்தான் கொடுக்கிறார்கள். அந்த நிலையில் கண்ணாடித் தடுப்புப் போட்டுத் தொலைபேசி அறை கட்டவோ, சூரிய மின்கலம் பொருத்தவோ எவருக்கும் துணிவு வராது. பெரிய நிறுவனமோ நீண்ட குத்தகை பெறுகிறது, அல்லது கட்டட உரிமையாளரோடு வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் வருகிறது. ரீஜஸின் தாய்க் கம்பனியான ஐடபிள்யூஜியும் இந்தியாவில் 2024இல் பங்குச் சந்தைக்கு வந்த ஆஃபிஸ் (Awfis) என்ற பகிர்வு அலுவலக நிறுவனமும் இந்த வழியில் வளர்ந்துவருகின்றன. கட்டடத்தை ஒழுங்குபடுத்தும் செலவில் பெரும் பங்கை உரிமையாளரே ஏற்பதால், நிறுவனத்துக்கு ஆபத்துக் குறைகிறது. ஹட்டனில் ஒரு பெரிய கட்டடத்தை வைத்திருப்பவருக்கு இப்படி ஓர் அழைப்பு வருமென்றால், மாடியில் ஒரு தம்பி பத்து மேசை போட்டிருப்பது அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கண்டிக் கிளை திறந்த பிறகு எங்கள் கட்டட உரிமையாளர், கொழும்புக்காரர் எவரும் வந்தால் முழு மாடியையும் கொடுத்துவிடலாம் என்று பேசத் தொடங்கியிருக்கிறார். இன்னும் எவரும் வரவில்லை. ஆனால் அடுத்த ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் எழுதுவோம் என்று சொல்லிவிட்டார்.

பெரிய நிறுவனங்களால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேல்மாடி அறை ஒன்றுக்கு, ஆண்களும் இருக்கும் இடத்துக்கு, ஒரு பெண் பிள்ளை தினமும் போய்வருவதைத் தோட்டத்தில் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அது என்ன வேலை, யார் சம்பளம் கொடுப்பது என்று என் பெற்றோரிடமும் கேட்டார்கள். கண்டியில் பெரிய பெயர்ப்பலகையுடன் கிளை திறந்து, அதன் படங்கள் முகநூலில் பரவிய பிறகு, அதேபோன்ற இடம் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். சிறிய இடங்கள் இத்தனை ஆண்டுகள் விளக்கியும் புரியாததைப் பெரியவர்களின் விளம்பரம் புரியவைத்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. அத்துடன், இணையத்துக்கு இரண்டாவது இணைப்பு வைத்திருப்பது, பெண்களுக்குத் தனிக் கழிவறை, பாதுகாப்புக் கமெரா, எழுத்தில் உள்ள விதிமுறை போன்றவற்றில் அவர்கள் காட்டும் ஒழுங்கைச் சிறிய இடங்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் மாடியில் ஒரே கழிவறைதான் இருக்கிறது. கூட்ட அழைப்பில் பேசுபவரின் குரல் எல்லோருக்கும் கேட்கிறது. இதை அண்ணனிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

ஆனால் சிறிய இடம் செய்கின்ற வேலையைப் பெரிய நிறுவனத்தின் கிளையால் செய்ய முடியாது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, எங்கள் இடத்தில் இன்வர்ட்டரும் பற்றரிகளும் இருந்தன. மின்சாரம் இல்லாத நேரத்தில் ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று முறை வைத்து எல்லோரும் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த மாதம் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குத் தவணை கிடைத்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தபோது, எங்களுக்கு முன்னால் மின்பட்டியலை வைத்து, கட்டணத்தை எவ்வளவு கூட்டலாம் என்று அண்ணன் எங்களிடமே கேட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்து வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்த நாட்களில், மாடிக்கு ஏறி வந்து கைத்தொலைபேசிக்கு மின்னேற்றி, உறவினருக்கு அழைப்பு எடுத்தவர்களிடம் எவரும் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை.

நாளாந்த உதவிகளும் அப்படியே. இலங்கையில் நீண்ட காலமாகப் பேபால் வழியாகப் பணம் பெற முடியாமல் இருந்ததால், வெளிநாட்டு வேலைக்கான கூலியைப் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவையில் பெறுவது எப்படி, அதை உள்ளூர் வங்கிக் கணக்குக்கு மாற்றும்போது எந்த ஆவணத்தைக் கேட்பார்கள், வருமான வரிக் கோப்பு எப்போது திறக்க வேண்டும் என்று புதிதாக வருபவருக்குப் பக்கத்து மேசைக்காரர் சொல்லிக்கொடுக்கிறார். பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வரும் மாணவருக்குத் தமிழிலேயே விளக்குகிறார்கள். அக்கரப்பத்தனையிலிருந்து வந்த ஒரு தங்கைக்கு முதல் நேர்முகப் பரீட்சைக்கு முன்னர் அரைநாள் பயிற்சி கொடுத்தது இந்த மாடியில் இருந்த இருவர்தான். இவை எதுவும் இன்வொய்ஸில் வராது; ஆகவே கொழும்பில் ஒப்பந்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இவை தெரிவதில்லை.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பெரிய நிறுவனத்தோடு விலையில் போட்டியிடுவது வீண். சிறிய இடங்கள் இழந்தது வாடிக்கையாளரை அல்ல, பணம் வரும் பாதையை. அந்தப் பாதையைத்தான் மீட்க வேண்டும். வெளிநாடுகளில் சுயாதீன இடங்கள் கோவேர்க்கிங் விசா என்ற பெயரில் ஓர் இணக்கம் செய்துகொண்டன: ஓர் இடத்தின் உறுப்பினர், இணக்கத்தில் உள்ள இன்னோர் இடத்தில் சில நாட்கள் கட்டணமின்றி வேலை செய்யலாம். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை ஆகிய நகரங்களில் இப்படியான இடம் நடத்துபவர்கள் ஒன்றிணைந்தால், கொழும்புக் கம்பனிக்கு ஒரே இன்வொய்ஸ், ஒரே வங்கிக் கணக்கு, ஒரே ஒப்பந்தம் என்று கொடுக்க முடியும். அதற்கு முதற்படி, ஒவ்வோர் இடமும் பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிவது. பலர் இதைச் செய்யவில்லை. வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்கான பதிவு இல்லாததால் கம்பனிகள் ஏற்காது என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது. வற் பதிவில்லாதவர் வற் அறவிடுவதும் இல்லை என்பதால், பணம் கட்டும் கம்பனிக்கு அதனால் கூடுதல் செலவு வராது. கம்பனிகள் உண்மையில் கேட்பது வியாபாரப் பதிவையும் வியாபாரத்தின் பெயரிலான வங்கிக் கணக்கையும்தான்.

பெரிய நிறுவனம் நாளைக்கு எங்கள் மாடியையும் தன் வலையமைப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்று வந்தால் மறுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்கு நாற்காலிகளுக்கு மேல் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதற்கு மேல் போனால் அடுத்த ஆண்டு கட்டணத்தை அவர்கள்தான் சொல்வார்கள்.

என்னுடைய கம்பனியும் இப்போது அதேபோன்ற மொத்த ஒப்பந்தத்தைப் பரிசீலிக்கிறது. கிளை இல்லாத ஊர்களில் இருக்கும் ஊழியருக்கு, ஒப்பந்தத்தில் ஓர் ஆளுக்கு ஆகும் அதே தொகையைப் பணியிடப் படியாகச் சம்பளத்தோடு கொடுங்கள் என்றும், எந்த இடத்தில் அமர்வது என்பதை ஊழியரிடமே விடுங்கள் என்றும் மனிதவளப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். கம்பனிக்கு ஒரு ரூபாகூடக் கூடுதல் செலவு இல்லை என்பதைக் கணக்கோடு காட்டியிருக்கிறேன். ஹட்டனில் இருக்கும் எங்களில் ஆறு பேர் அதில் ஒப்பமிட்டிருக்கிறோம். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் கம்பனிக்கு அனுப்ப விரும்பினால் அந்தக் கடிதத்தின் பிரதியைத் தருகிறேன். பண்டாரவளையிலும் பதுளையிலும் இடம் நடத்துபவர்களோடு பேச அண்ணன் தயாராக இருக்கிறார்; வியாபாரப் பதிவுக்கான படிவங்களை நிரப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.